மோனக்குடிலுக்குப் பாதை போட்ட மூவர்

ஜீப்பே முக்கி முனகி பாதியில் நின்றுவிடுகிற மலையொன்றின் உச்சியில் மோனக்குடில் என்ற தியான இல்லம் இருந்தது. குடிலிலிருந்து அருவிக்குப் போகும் நடைபாதையைப் போன மழை பாழாக்கிவிட்டது. சீர்செய்யத் தொண்டர்கள் வேண்டும் என்று அடிவாரத்து ஊருக்குச் செய்தி வந்தது. வேலை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வேலை இருந்தது. அதனால் மூன்று பேர் போனார்கள்.

மூவரில் மூத்தவர் ஆவுடையப்பன். சைக்கிள் கடை வைத்திருந்தார். "டயர்ல காத்தைப் பாருங்க அண்ணாச்சி" என்று யாராவது வண்டியை விட்டுப் போனால், அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட பொறுப்பான மனுஷன். ஆனாலும் மனைவி பேச்சியம்மாள் மட்டும், "நீங்க சும்மா இருந்தாலே ஊருக்குப் பெரிய தொண்டு" என்று சொல்லிவிட்டாள். அது அவருக்குத் தைத்துவிட்டது. ஒரு வேலையையாவது சொன்னபடி செய்து நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று மைத்துனன் சொரிமுத்துவையும் பக்கத்துக் கடை மாடக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

குடிலை நடத்திய சௌந்தரவல்லி அம்மா மெதுவாகப் பேசுகிறவர். "ஞாயித்துக்கிழமை இருபது பேர் மௌன முகாமுக்கு வர்றாங்க. பாதை சரியில்லேன்னா முகாமே கிடையாது. உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

இப்படி ஒரு வார்த்தையை ஆவுடையப்பன் வாழ்நாளில் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

"முதல்ல பாதையில ஒரு கல்லுகூட இல்லாம எடுத்துடுங்க. காலை இடறுது."

எடுத்தார்கள். மும்முரமாக எடுத்துக்கொண்டே போனதில், செங்குத்தான ஏற்றத்தில் கருங்கல் படிக்கட்டு வந்தது. மூவரும் மண்வெட்டியை ஊன்றி நின்றார்கள்.

"அத்தான், இது கல்லா, படியா?" என்றான் சொரிமுத்து.

"கல்லுல செஞ்ச படி."

"கல்லு இருக்கக்கூடாதுன்னுல்லா அம்மா சொன்னாவ?"

"படி இருக்கக்கூடாதுன்னு சொல்லலையே" என்றான் மாடக்கண்ணு.

ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்தார். "அப்போ கல்லை மட்டும் எடுத்துட்டு, படியை விட்டுருவோம்."

நியாயமான யோசனை. கல்லை எடுத்தார்கள். அதற்குப் பிறகு படி எங்கே போனது என்றுதான் மூவருக்கும் விளங்கவில்லை.

அம்மா வந்து பார்த்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். "சரி, போகட்டும். அந்தப் பள்ளத்துல தண்ணி நிக்குது பாருங்க. பாதையில தண்ணி நிக்கக்கூடாது, ஓடணும்."

மறுநாள் பாதை நெடுகத் தண்ணீர் ஓடியது. பக்கத்து ஓடையை வெட்டித் திருப்பிவிட்டிருந்தார்கள். "எங்கேயும் நிக்கல பாருங்கம்மா!" என்று முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஆவுடையப்பன் கைகூப்பினார்.

அம்மா இந்தமுறை கண்ணைத் திறக்க நேரமானது. திறந்ததும், "இந்தப் பாதையை விட்டுடுங்க. மேட்டுப் பக்கமா புதுசா ஒண்ணு வெட்டுங்க. ஆனா மரத்துல கை வைக்கக்கூடாது. மரம் வந்தா சுத்திப் போங்க" என்றார்.

முதல் மரம் வந்தது. சுற்றி வெட்டினார்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

"ஒரு சுத்து போதுமா?" என்றான் மாடக்கண்ணு.

"கோயில்லயே மூணு சுத்துல்லா சுத்துதோம்" என்றான் சொரிமுத்து.

"தியானம் பண்ணுத இடம். மூணுக்குக் குறைஞ்சா மரியாதையா இருக்காது" என்று ஆவுடையப்பன் முடித்துவைத்தார். மலையில் மரத்துக்கா பஞ்சம்? சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய நாவல் மரத்தை அடைந்தார்கள். சுற்றிச் சுற்றி வெட்டியதில் எந்தப் பக்கமாக வெளியே போக வேண்டும் என்பது மறந்துபோயிற்று. வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கைகால் கழுவிச் சாப்பிடப் போனார்கள்.

ஞாயிறு காலை இருபது பேரும் வாய் திறக்காமல், ஒருவர் பின் ஒருவராகப் புதுப் பாதையில் இறங்கினார்கள். ஒவ்வொரு மரத்தையும் மூன்று முறை சுற்றினார்கள். ஏதோ தியான முறை என்று நினைத்து சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாவல் மரத்தை முதல் ஆள் ஒரு சுற்று வந்தபோது, எதிரே ஒரு முதுகு தெரிந்தது. யாரோ வழி தெரிந்தவர் முன்னால் போகிறார் என்று நிம்மதியாக அதன் பின்னால் நடந்தார். அது கடைசி ஆளின் முதுகு.

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. வெயிலும் தாழ்ந்தது. அம்மா தவித்துப்போய் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். "ஓடிப் போய் முன்னால போறவரை நிறுத்துங்க!"

அவர் ஓடினார். வெகுநேரம் கழித்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"முன்னால போறவரைக் காணலம்மா. எல்லாருக்கும் முன்னால ஒரு ஆள் போறாரு."

"அப்போ கடைசி ஆளையாவது நிறுத்தக்கூடாதா?"

"நீங்கதான் கடைசியான்னு ஒருத்தரைக் கேட்டேம்மா. பின்னால இன்னும் ஆள் வருதுன்னு கையைக் காட்டிட்டுப் போயிட்டாரு."

மெதுவாகப் பேசுகிற அம்மா அன்றைக்குக் கத்திவிட்டார். "யாராவது ஒருத்தரைப் பிடிச்சு நிறுத்துங்கய்யா!"

இதுதான் தெளிவான உத்தரவு. மூவரும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, சுற்றி வருகிற ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். இவர் வயதானவர், பாவம். அவர் ரொம்ப உயரம். கடைசியில் பச்சைச் சட்டை போட்ட, நடுத்தரமான ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தோளையும் காலையும் பிடித்துப் பதமாகத் தூக்கிக் குடிலுக்குக் கொண்டுவந்தார்கள். மௌன விரதம் என்பதால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா முன்னால் அவரை நேராக நிறுத்தி, சட்டையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு ஆவுடையப்பன் பணிவாகக் கேட்டார்:

"இவரு சரியா இருக்காராம்மா? இல்ல, கொண்டுபோய் விட்டுட்டு வேற ஒருத்தரைப் பாக்கட்டுமா?"