காந்தல் யார் இலைக்கு

பொன்னம்பலச் சாமி மடத்தில் பேப்பர் வாங்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் டீக்கடைப் பேப்பர் காலை எட்டு மணிக்கெல்லாம் அடுப்படிக்கு வந்துவிடும். இசக்கியம்மாள் இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள்.

அன்றைக்கும் வந்தது. நறுக்கிக்கொண்டிருந்த பூசணிக்காயைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பேப்பரை விரித்தாள்.

"வடிவக்கா, ஒரு சங்கதி சொல்லுதேன். நெஞ்சைப் பிடிச்சுக்கோ."

"அதெல்லாம் எப்பவோ மரத்துப் போச்சு. சொல்லு."

"நம்ம தாண்டவமூர்த்திக்கு மாசம் மூணே முக்கால் லட்சம் பென்ஷனாம். ஆயுசு முழுக்க. காரும் உண்டு. அதை ஓட்ட ஆளும் உண்டு."

சங்கரவடிவு அண்டாவில் அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"வங்கியைத்தான் இழுத்து மூடியாச்சே. இனிமே எங்க போகதுக்குக் காரு?"

"பென்ஷன் வாங்கப் போகணும்லா."

இசக்கியம்மாள் தானே சொல்லித் தானே சிரித்தாள். வடிவு சிரிக்கவில்லை.

நல்வழிக் கூட்டுறவு வங்கிக்குத் தாண்டவமூர்த்தி பதினோரு வருஷம் தலைவர். வேண்டியவர்களுக்கெல்லாம் கடனை வாரிக் கொடுத்தார்கள். வேண்டியவர்கள் திருப்பிக் கட்டவில்லை. ஒரு திங்கட்கிழமை ஷட்டர் பாதி இறங்கியது. உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, மாசத்துக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு தாளை ஒட்டினார்கள்.

அந்த மாசம்தான் வடிவின் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மில்லில் முப்பது வருஷம் பஞ்சைத் தின்று சேர்த்த பணம் முழுக்க அந்த வங்கியில். வடிவு இருபத்திரண்டு நாள் அந்த ஷட்டர் முன்னால் நின்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள். ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள்.

அந்த ஆயிரம் பாடை கட்டத்தான் உதவியது.

பிள்ளைகள் மூன்று பேரும் கூப்பிட்டார்கள். வடிவு போகவில்லை. ஆற்றங்கரை மடத்துக்கு வந்து, சாமியிடம் தீட்சை வாங்கிக்கொண்டு, அடுப்படியில் நின்றுவிட்டாள். சாமி அவளைவிடப் பதினாறு வயது இளையவர். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். மூன்று வருஷமாகக் காலையும் மாலையும் விளக்கின் முன்னால் உட்கார்ந்து, கோபமெல்லாம் போய்விட்டது என்றே நினைத்திருந்தாள்.

போகவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் சாத்தியதுபோல இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

"நாலு மணிக்குக் கலெக்டர் வங்கி முன்னால வாராராம், தாண்டவமூர்த்தியையும் வரச் சொல்லியிருக்காராம்" என்றாள் இசக்கியம்மாள். "ஊரே திரளுது. பென்ஷனை நிறுத்துன்னு கேக்கப் போறோம். நீ வந்து பேசணும்க்கா."

"எனக்கு என்ன பேசத் தெரியும்?"

"எங்களுக்கெல்லாம் பணம்தான் போச்சு. உனக்கு ஆளே போச்சு. நீ வாயைத் திறந்தாத்தான் எடுபடும்."

வடிவு அகப்பையை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். சாமி வில்வ இலைச் சருகைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"தீட்சை வாங்கினவ ரோட்டுல நின்னு கத்தலாமா?"

"யாரைப் பாத்து?"

சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. இருபத்திரண்டு நாளையும் சொன்னாள். மூணே முக்கால் லட்சத்தையும் சொன்னாள். "அவரு பெத்த பிள்ளைக்கு இப்படி ஆகியிருந்தா ஆயிரம் ரூவாயோட விட்டிருப்பாரா சாமி?" என்று கேட்டாள்.

சாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது.

இறங்கியவர் தாண்டவமூர்த்தி.

பின்னால் டிரைவர் ஒரு தாம்பாளத்தைத் தூக்கி வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி, பட்டு வேட்டி, அதன்மேல் கனமான ஒரு கவர்.

"நமஸ்காரம் சாமி. இன்னைக்கு எனக்கு ஜென்ம நட்சத்திரம். அன்னதானத்துக்கு என்னால ஆனது. மடத்து மேல்கூரைகூட ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன்."

"வாங்க. பந்தி போடப் போறோம். சாப்பிட்டுப் போங்க."

"சாமி!" என்றாள் வடிவு.

சாமி அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, அடுப்படியில இருந்து காந்தல் வாடை வருதே."

வடிவு ஓடினாள். அண்டா புகைந்துகொண்டிருந்தது. இசக்கியம்மாள் விறகை வெளியே இழுத்துக்கொண்டு, "கிணத்தடிக்குப் போயிட்டு வாரதுக்குள்ள இப்படி ஆயிட்டுதே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று வருஷத்தில் வடிவின் கையில் சோறு அடிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

அந்த மடத்தில் இதற்கொரு வழக்கம் உண்டு. சோறு அடிப்பிடித்தால் யாரும் யாரையும் வைய மாட்டார்கள். மேல்சோற்றை அகப்பை அடியில் படாமல் அள்ளிப் பந்திக்குப் போட வேண்டும். பந்தி எழுந்த பிறகு, அடுப்பில் நின்றவர் அடியில் தீய்ந்த காந்தலைத் தன் இலையில் போட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர் சின்னவர் கிடையாது. சாமியே ஒருமுறை கவனம் பிசகி இரண்டு வேளை காந்தல் தின்றிருக்கிறார்.

பந்தியில் நாற்பது பேர் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்கள், அரிசி மில் ஆட்கள், கட்டட வேலைக்காரர்கள். தாண்டவமூர்த்தி வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த கொத்தனார் இலையை இழுத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போனார். அவருக்கும் அந்த வங்கியில் மகள் கல்யாணப் பணம் இருந்தது.

வடிவு சோற்று வாளியோடு வந்தாள்.

"எனக்குக் கொஞ்சமாப் போடுங்கம்மா. சுகர் இருக்கு."

இந்த ஆளுக்கு என்னைத் தெரியவில்லை. இருபத்திரண்டு நாளில் எத்தனை தரம் இவர் கார் முன்னால் போய் நின்றிருக்கிறேன், முகம்கூட நினைவில்லை. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது. அண்டாவைத் தூக்கி வந்து அப்படியே அந்த இலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. ஈஸ்வரா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வெள்ளைச் சோறுதான் விழுந்தது.

அவர் ஒரு கவளம் வாயில் வைத்தார். "லேசா ஒரு வாடை வருதே?"

குழம்பு ஊற்ற வந்த இசக்கியம்மாள் சொன்னாள். "அடிப்பிடிச்சிருச்சு சார். பயப்படாம சாப்பிடுங்க. காந்தல் உங்களுக்கு வராது. பொங்கினவங்கதான் திங்கணும். இங்க அதுதான் சட்டம்."

"அப்படியா? பிரமாதம்!" தாண்டவமூர்த்தி இலையிலிருந்து கையை எடுத்துச் சாமியைப் பார்த்தார். "இதுதான் சாமி நிர்வாகம்கிறது. கெடுத்தவன் திங்கணும். எங்க வங்கியில இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா அது விழுந்தே இருக்காது."

நாற்பது கையும் இலையில் நின்றுவிட்டன.

ஒன்றிரண்டு பேர் தொண்டையைக் கனைத்தார்கள். கொத்தனார் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

தாண்டவமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். "கீழ இருந்த மேனேஜர்களைச் சொல்லுதேன்" என்றார்.

வடிவு வாளியைத் தரையில் வைத்தாள்.

"சார், அங்க அண்டாகிட்ட நின்னது யாரு?"

"என்னம்மா?"

"தலைவருன்னு போர்டு போட்ட ரூம்ல பதினோரு வருஷம் ஏசியில உக்காந்திருந்தது யாருன்னு கேக்குதேன்."

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படுதீங்க."

"எங்க வீட்டுக்காரரு செத்துப் போனாரு சார். நான் உங்க கார் கண்ணாடியைத் தட்டினேன். நீங்க இறக்கல."

அவர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குரலைத் தாழ்த்திப் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் அவளை இன்னும் சுட்டது.

"எனக்கும் வருத்தம்தான்ம்மா. ஆனா இந்தப் பென்ஷன் நான் திருடினது இல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னால பொதுப்பேரவையில, கல்யாண மண்டபத்துல, தீர்மானம் போட்டது. தனி நிதியில கிடக்கு. வங்கி போனாலும் அது போகாது. கோர்ட்டே செல்லும்னு சொல்லியாச்சு. நீங்க உறுப்பினரா?"

"ஆமா."

"அப்ப நீங்களும் கை தூக்கியிருப்பீங்க."

வடிவு இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்த மண்டபம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆவுடையப்பனுக்கு அன்றைக்குப் பகல் ஷிப்ட். இரண்டு பேரும் உறுப்பினர்கள், அவள் மட்டும் போயிருந்தாள். வாசலிலேயே ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா, ஒரு கேசரிப் பொட்டலம். மேடையில் ஒருவர் மூச்சுவிடாமல் எதையோ வாசித்தார். பதினாலாவது தீர்மானமோ பதினைந்தாவதோ. ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றதும் மண்டபம் முழுக்கக் கை எழுந்தது. ஒரு கையில் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு இன்னொரு கையை அவளும் தூக்கினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதே, சீக்கிரம் முடியட்டும் என்றிருந்தது.

தாண்டவமூர்த்தி இலையை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து தாம்பாளத்தைச் சாமியின் பக்கம் நகர்த்தினார்.

சாமி அதைத் திரும்ப நகர்த்தினார்.

"எடுத்துட்டுப் போங்க."

"அன்னதானப் பணம் சாமி. கூரை ஒழுகுதே."

"நனைஞ்சா காஞ்சுக்குவோம்."

"பணத்துல என்ன சாமி குறை இருக்கு?"

"டிக்கெட் கிழிச்சவன் நான். யாரு கொடுத்த காசு யாருக்குப் போகணும்னு தெரியும். எடுத்துட்டுப் போங்க."

டிரைவர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டார். கார் போய்விட்டது. பந்தியும் எழுந்தது.

வடிவு ஒரு இலையைப் போட்டுக்கொண்டு அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டியால் சுரண்டிக் காந்தலை இலையில் வைத்தாள். முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

சாமி வந்து நின்றார். "நாலு மணிக்குப் போகணும்னீங்களே. சாப்பிடலியா?"

"போகல சாமி."

"ஏன்?"

"கை தூக்கினவ எந்த வாயால கேக்க? கலெக்டர் முன்னால அவரு இதையே சொன்னா நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கிட?"

இசக்கியம்மாள் உள்ளேயிருந்து கத்தினாள். "ஊரே தூக்குச்சுக்கா! நானும்தான் தூக்கினேன். எனக்கு டப்பாகூட ஓட்டை!"

வடிவு காந்தலை விரலால் கிளறினாள்.

சாமி ஒரு இலையை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தார். அவள் இலையிலிருந்து பாதிக் காந்தலை அள்ளித் தன் இலையில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, நீங்க எதுக்குச் சாமி? பிடிக்கவிட்டது நான்லா?"

"உங்களை அண்டாகிட்ட நிறுத்தினது நான்தானே."

இரண்டு பேரும் தின்றார்கள். கசந்தது. கரி பல்லில் ஒட்டியது. சாமி முகம் சுளிக்காமல் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றார். அவர் தின்கிறபோது தான் மிச்சம் வைக்கக் கூடாதென்று வடிவும் தின்றாள்.

இலை காலியானதும் சாமி கேட்டார்.

"அன்னைக்குக் கை தூக்கினதுக்கு என்ன தின்னீங்கம்மா?"

வடிவுக்கு முதலில் கேள்வி பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. இருபத்திரண்டு நாள் வெயில். கண்ணாடி இறங்காத கார். ஆயிரம் ரூபாய். ஆஸ்பத்திரி வராந்தாவில், "பணம் கிடைச்சுதா வடிவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்த மனுஷன். கிடைத்துவிட்டது என்று அவள் கடைசியில் சொன்ன பொய்.

"எல்லாத்தையும் தின்னுட்டேன் சாமி."

"மிச்சம் ஏதாவது வெச்சீங்களா?"

"இல்ல."

சாமி அண்டாவைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் இன்னும் ஓர் ஆள் தின்கிற அளவுக்குக் கறுப்பாக ஒட்டியிருந்தது. வடிவு கரண்டியை நீட்டினாள், அதையும் தானே சுரண்டிக்கொள்ள. சாமி அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"இது உங்க பங்கு இல்ல."

"பின்னே யாரோடது சாமி?"

"மடத்துக்கு வந்து இலை போட்டு உக்காந்தவருக்கு உரியதைப் போடாமலே அனுப்பிட்டோம். அது நமக்குத்தானே குறை? நாலு மணிக்கு அங்கதான் இருப்பாரு. போயிப் போட்டுட்டு வாங்க."