பதினேழாம் எண் சாவி

பழைய பூட்டுகளைச் சேர்ப்பவர்கள் திருச்சிப் பக்கம் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் திறக்க முடியாத பூட்டை வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்தவர் தையல்நாயகி ஒருவர்தான்.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அவர். அந்தப் பூட்டு, திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. நெற்றியில் ஒரு மயிலும், அதன்கீழ் தமிழ் எண்ணில் பதினேழும் பொறித்திருக்கும். கைக்கு வந்தபோதே பூட்டிக் கிடந்தது, சாவி இல்லை. மாற்றுச் சாவி போட்டுத் தருவதாகச் சொன்னவர்களிடமெல்லாம், "இதுக்குன்னு ஒரு சாவி செஞ்சிருக்காங்க, அது வரட்டும்" என்பார். பதினோரு வருடமாக அது வரவில்லை.

சேகரிப்பாளர்கள் மாதம் ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவார்கள். அங்கே பணத்துக்கு வேலையில்லை, பொருளுக்குப் பொருள்தான். கைகுலுக்கிவிட்டால் பேச்சு முடிந்தது.

அன்று ஆம்பூர் சிக்கந்தர் பாய் வழக்கம்போல் துணி விரித்துத் தம் சாவிகளைப் பரப்பியிருந்தார். சாவிகளை மட்டுமே சேர்ப்பவர் அவர். தையல்நாயகி குனிந்து பார்த்தார். நடுவரிசைச் சாவி ஒன்றின் தலையில் மயில், கீழே பதினேழு.

பாயைச் சுற்றிக் கூட்டம். தையல்நாயகி விலகிப்போய், கடிகாரம் பழுது பார்க்கும் அருளப்பனிடம் சொன்னார். நெடுநாள் நண்பர், அவரும் சேகரிப்பாளர்.

"சாப்பாடு முடிஞ்சதும் பாய்கிட்ட விஷயத்தைச் சொல்லிக் கேக்கப் போறேன். நீங்களும் கூட வாங்க தம்பி."

"சொன்னா தருவாரா அக்கா? பூட்டையே கேட்டுட்டார்னா?"

"கேட்டா கேக்கட்டும்."

தையல்நாயகி சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் சாவி அருளப்பன் கையில் இருந்தது. பழைய சுவர்க்கடிகாரச் சாவிகள் இரண்டைக் கொடுத்து மாற்றியிருந்தார்.

"பூட்டைப் பத்தி மூச்சு விடலை. கைகுலுக்கியாச்சு. வச்சுக்கோங்க."

பூட்டு தோள்பையில்தான் இருந்தது. திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். தையல்நாயகி திறக்கவில்லை. நேரே நடந்துபோய்ச் சாவியைப் பாயின் துணிமேல் வைத்தார். பக்கத்தில் பூட்டை வைத்தார்.

"இது இந்தப் பூட்டோட சாவி பாய். தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லாம மாத்தியிருக்காங்க. எடுத்துக்கோங்க. இனிமே நீங்க தர்றதா இருந்தா தாங்க, இல்லைன்னா வேண்டாம்."

சிக்கந்தர் பாய் இரண்டு மயில்களையும் மாறிமாறிப் பார்த்தார். சாவியை எடுக்கவில்லை.

"கடிகாரச் சாவி ரெண்டும் நல்ல சாவி, போஸ்ட்மாஸ்டரம்மா. பார்த்துத்தான் வாங்கினேன். நாப்பது வருஷத்துல குடுத்த எதையும் நான் திருப்பி வாங்கினதில்லை. பூட்டு இருக்குன்னு தெரிஞ்சப்புறமும் அதேதான் சொல்றேன். இது இனி உங்களுது."

அருளப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன திருடினேனா? அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சுது. சேகரிக்கிறவனுக்குக் கைமுதலே அதுதானே? இங்க எல்லாரும் அப்படித்தானே மாத்துறோம்!"

"மறைச்சு வாங்கின சாவியால என் பூட்டு திறக்க வேண்டாம்" என்றார் தையல்நாயகி.

மண்டபமே கூடிவிட்டது. மூவரும் தத்தம் மானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, சாவி துணிமேல் கிடந்தது.

கதை கேட்டவர்களே, இந்த மூவரில் யார் செய்தது சரி? சாவி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: அறிவுதான் சேகரிப்பாளனின் கைமுதல் என்று அருளப்பன் சொன்னது உண்மைதான். ஆனால் அன்று அவர் செலவழித்தது தாம் கற்ற அறிவை அல்ல. நண்பர் நம்பிச் சொன்னதை, அதுவும் பாயிடமே சொல்ல இருந்ததை. ஆகவே அந்தக் கைகுலுக்கல் செல்லாது. பூட்டைத் திறக்கும் முன்பே உண்மையைச் சொன்ன தையல்நாயகி செய்ததே சரி. ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும் பாய் "உங்களுது" என்றாரே, அது புதிய கொடை. மறைத்து வாங்கியது போய், மனமறிந்து தந்தது வந்துவிட்டது. எனவே சாவி தையல்நாயகிக்கே. கூட்டத்தில் ஒருவர் இப்படி எடுத்துச் சொன்னதும் தையல்நாயகியும் ஒப்புக்கொண்டார். ஆனால் சாவியைத் தாம் தொடாமல், "நீங்களே திறங்க பாய்" என்று பூட்டை நீட்டினார். சாவி பாதி சுற்றி நின்றுகொண்டது. அருளப்பன் சட்டைப் பையிலிருந்து கடிகார எண்ணெயை எடுத்து ஒரு சொட்டு விட்டார். பூட்டு திறந்தது.