பொழிலுக்கு ஒரே முகம்

"மூணுக்கும் ஒரே முகம் வேணும்மா. இப்ப இருக்கிறதப் பாத்தா மூணு வீட்டுப் பிள்ளைக மாதிரி இருக்கு," என்றார் காளிராஜன்.

கமருன்னிசா திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

காளிராஜன் சிவகாசிக்காரர். முப்பது வருடம் தீப்பெட்டிக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வரைந்தவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயதில், கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைத் தானாகவே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டே போனவர் ஒருநாள் பொழிலிடம் வந்து நின்றார்.

பொழில், கமருன்னிசா தொடங்கிய லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் கணினியில் போட்டுக்கொள்ளலாம். புதுக் கணினிக்கு ஒரு வகை, நடுத்தரத்துக்கு ஒரு வகை, தூக்கி எறிய எடுத்துவைத்த பழசுக்கு ஒரு வகை. உள்ளே ஓடுவது ஒன்றுதான். திரையில் தெரியும் முகப்புதான் வேறு வேறு. மூன்று ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றைப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்று நீலம், ஒன்று சாம்பல், ஒன்றில் பொழில் என்ற பெயரே கண்ணில் படாது.

கமருன்னிசா காளிராஜனைவிடப் பதினெட்டு வயது இளையவர். தோப்புத்துறையில் ஒரு மாடி அறையில் இருந்து வேலை பார்த்தார். பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சைக் கேட்கத்தான் காளிராஜன் பஸ் மாறி மாறி வந்திருந்தார்.

"முகம் எதுக்கு சார்?"

"பாத்த உடனே நம்ம சரக்குன்னு தெரியணும்ல? லேபிள் இல்லாத தீப்பெட்டிய எவன் வாங்குவான்?"

"சரி. செய்ங்க."

செய்தார். இரண்டு மாதம் ஆயிற்று. பச்சையில் ஒரு மரம் வரைந்தார். கணினி விழிக்கும்போது அந்த மரம், உள்ளே நுழையும் இடத்தில் அந்த மரம், பட்டியல்களில் அதன் பச்சை. எளிதாக நடக்கவில்லை. ஒரு முகப்பு நிறம் என்று சொல்வது இன்னொன்றுக்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் அதன் பாஷையில், அது ஒளித்து வைத்திருக்கும் இடம் தேடி, கையால் எழுதினார்.

மூன்று கணினிகளை வரிசையாகத் திறந்து காட்டினார். கமருன்னிசா நெடுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு. பேர்ல ஒரு எழுத்த மாத்துங்க."

"எதுக்கும்மா?"

"மாத்துங்க."

காலையில் உட்கார்ந்தவர், பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது நிமிர்ந்தார். எல்லா இடத்திலும் மாற்றியாயிற்று.

கமருன்னிசா ஒரு கணினியை அணைத்தார். திரை இருளப் போகும் நேரத்தில், பழைய பெயர் வந்து நின்று விடைபெற்றது.

"எத்தன இடத்துல எழுதுனீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"அப்ப அதுக்கு நாப்பத்தொரு பேரு."

ஊர் திரும்பும் வழியெல்லாம் காளிராஜன் அந்த நாற்பத்தொரு இடத்தையும் எண்ணிக்கொண்டே போனார்.

அடுத்த மாதம் ஒரே ஒரு கோப்பு எழுதினார். பெயர் அதில் ஒரு தடவை. நிறம் ஒரு தடவை. அதைப் படித்து ஒவ்வொரு முகப்புக்கும் அதனதன் பாஷையில் எடுத்துச் சொல்ல ஒரு சிறு நிரல். முடித்த அன்று, தன் வீட்டு மேசையில், கோப்பில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டுக் கையை எடுத்தார். மூன்று திரைகளிலும் அந்த எழுத்து மாறியது.

அவர் மறுபடி மாற்றினார். மறுபடி மாறியது.

முப்பது வருடத்தில் அவர் வரைந்த எந்த லேபிளும் தன்னைத்தானே திருத்திக்கொண்டதில்லை. கோயிலில் நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் அந்த மேசை முன்னால் நின்றார்.

அதைக் கொண்டுவந்து காட்டினார். கமருன்னிசா கோப்பை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"பேரு, சின்னம், நிறம், படம்."

"அவ்வளவுதானா?"

"வேற என்னம்மா வேணும்?"

கமருன்னிசா எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க."

உப்பளங்களைத் தாண்டி ஒரு கிராமம். ஊரார் நடத்தும் படிப்பகத்தில் மூன்று கணினிகள். பொழிலின் மூன்று வகையும் அங்கே ஓடின; முன்பே அனுப்பியிருந்த அவருடைய மரம் மூன்றிலும். தன் படத்தை வேற்றூரில், வேற்று மனிதர்களுக்கு நடுவே, காளிராஜன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மனம் நிறைந்தது.

அப்புறம்தான் வரிசையைப் பார்த்தார். ஒரு கணினிக்கு முன்னால் பத்துப் பேர். மற்ற இரண்டும் சும்மா கிடந்தன.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நாகவல்லி. ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவர்.

"அந்த ரெண்டும் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டார் காளிராஜன்.

"நல்லாத்தான் ஓடுது சார். நான்தான் உக்கார்றதில்ல. நான் டைப்ரைட்டிங் படிச்ச கை. இதுல ழ ஒரு இடம், அதுல ஒரு இடம். அங்க உக்காந்தா என் கை வேற யாரோ கை மாதிரி ஆயிருது."

"முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா நீலமா இருந்தா எனக்கு ஆகாதுன்னு தெரியும், கிட்டயே போகமாட்டேன். இப்ப எல்லாத்துலயும் ஒரே மரம். நம்பி உக்காந்துட்டேன்."

வரிசையில் நின்ற ஒரு பெரியவரை நோக்கி அவர் கையைக் காட்டினார்.

அந்தப் பெரியவர் அருமைநாயகம். உப்பளத்தில் வேலை செய்பவர். மனைவியின் இறப்புச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்து, திரும்பி வந்த தாளை வைத்திருந்தார். காளிராஜன் வாங்கிப் பார்த்தார். மகிளம்மாள் என்று இருந்தது.

"மகிழம்மாள் சார். ழ-வுக்கு ள போட்டு வந்திருச்சு. அப்படி ஒரு ஆளே பதிவுல இல்லன்னு சொல்லிட்டாங்க," என்றார் பெரியவர். கோபமில்லாமல் சொன்னார்.

காளிராஜன் கமருன்னிசாவைப் பார்த்தார். அவர் அந்த மூன்று விசைப்பலகைகளையும் பார்த்தார்.

சிவகாசிக்குத் திரும்பவில்லை அவர். ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, பதினெட்டு நாள் அந்தப் படிப்பகத்துக்குப் போனார். திரையைப் பார்க்கவில்லை. நாகவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்தார். எந்த விரல் எதைத் தேடித் தயங்குகிறது, எங்கே ஒரு கணம் நிற்கிறது, எதைக் கேட்காமலே போய்த் தொடுகிறது என்று பார்த்தார்.

கோப்பு வளர்ந்தது. விசைப்பலகை எந்த முறை, அதை மாற்ற எந்த விசை, எழுதியது மூன்றுக்கும் பொதுவாக எங்கே போய்ச் சேர வேண்டும், எதைத் தட்டினால் அச்சாகும். மூன்று ஊர்க்காரர்களும் போனில் சண்டை போட்டார்கள். எங்கள் ஆட்களின் பழக்கம் வேறு என்றார் ஒருவர். அவரவர் நிறத்தை அவரவரே வைத்துக்கொள்ளுங்கள், விரல் போகும் வழியை மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார் காளிராஜன். பழைய கணினியில் மரம் வரத் தாமதமானது. அந்த மரத்தை அவரே எடுத்துவிட்டார். நீலம் திரும்பி வந்தது.

எல்லாம் போட்டு முடித்த மறுநாள், அவரும் கமருன்னிசாவும் சுவரோரமாக நின்றார்கள். மூன்று திரைகளும் மூன்று விதமாக இருந்தன.

உப்பளத்து வேலையை விட்டு மறுபடி வர அருமைநாயகத்துக்கு அன்றுதான் முடிந்திருந்தது; அவர் முறை வந்தது. நாகவல்லி பழைய கணினியில் உட்கார்ந்து தொடங்கினார். பாதி மனுவில் அந்தக் கணினி உறுமிவிட்டு அணைந்தது.

காளிராஜன் ஓரடி முன்னால் வைத்தார். கமருன்னிசா அவர் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்.

நாகவல்லி எழுந்தார். பக்கத்து நாற்காலிக்குப் போனார். அதே இடத்தில் மனு கிடந்தது. கடைசி இரண்டு வரி போயிருந்தது. மறுபடி அடித்தார். அவர் கண் திரையில் இல்லை, பெரியவரின் முகத்தில் இருந்தது.

"இறக்கும்போது வயசு என்னங்கய்யா?"

"அறுபத்தொண்ணு."

"வியாதியா?"

"ஆமா. மூணு மாசம் கெடந்தா."

கேட்டுக்கொண்டே இருந்தார். விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு சுண்டுவிரல் யாரையும் கேட்காமல் ஓரிடத்துக்குப் போய்த் திரும்பியது. காளிராஜன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாள் வந்தது. பெரியவர் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்திப் படித்தார். மகிழம்மாள். இன்னொரு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போனார்.

காளிராஜனால் அடக்க முடியவில்லை. நாகவல்லியின் அருகே போய்க் குனிந்தார்.

"இது வேறம்மா. நீங்க மொதல்ல உக்காந்திருந்தது வேற வகை. தெரிஞ்சுதா?"

நாகவல்லி முன்னாலிருந்த திரையைப் பார்த்தார். பக்கத்தில் அணைந்து கிடந்ததைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எது வேற?"

காளிராஜன் அடுத்த ஆள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார்.