டவுன் பஸ்ஸில் வந்த ஆயில் கம்பி

பாளையங்கோட்டையில் ஒரு குரு இருந்தார். பெயர் ஜெயசீலி. வயது முப்பத்தொன்று. தொழில், கார் மெக்கானிக்.

அவருக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் ஆறுமுகநயினார். வயது அறுபத்திரண்டு. வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். குரு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவராகவே சேர்ந்துகொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை சீடர் போனில் கேட்டார்.

"குருவே, இஞ்சின் ஆயில் கெட்டுப்போச்சா இல்லையான்னு எப்படிம்மா கண்டுபிடிக்கது?"

"கொண்டாங்க அண்ணாச்சி, பாப்போம்."

ஒரு மணி நேரத்தில் சீடர் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான பொட்டலம். பக்கத்து சீட்டுக்காரர் அதை ஊதுபத்திக் கட்டு என்று நினைத்து, என்ன விலை என்று விசாரித்தாராம்.

சீடர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே, காரில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி.

குரு கம்பியைப் பார்த்தார். சீடரைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"காரு எங்க?"

"வீட்டுல பத்திரமா இருக்கும்மா. நீங்க ஆயிலப் பாருங்க. தேன் மாதிரி இருக்கு."

"தேன் மாதிரி இருக்குன்னா முகம் ஏன் இப்படி வாடிக்கிடக்கு?"

சீடர் ஸ்டூலில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. முதல் வாரத்தில் கோயில், மச்சினன் வீடு என்று நாலு இடம் போய் வந்தார். ஒருநாள் வண்ணாரப்பேட்டையில் ஒரு பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அன்றைக்கு வீட்டில் கொண்டுவந்து விட்ட காரை அப்புறம் அவர் வெளியில் எடுக்கவே இல்லை. ஆனால் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று தினமும் காலையில், வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிஷம் இஞ்சினை ஓடவிட்டு அணைத்துவிடுவார். இப்போது குற்றாலத்தில் சாரல். வருகிற ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப் போகாவிட்டால் பக்கத்து வீட்டு வேனில் தங்கச்சியோடு போய்விடுவேன், மூன்று நாளைக்கு நீரே ரசம் வைத்துக் குடியும் என்று மனைவி செண்பகம் சொல்லிவிட்டாள்.

"அதான், ஆயில் கெட்டுப்போயிருந்தா ஒரு காரணம் ஆச்சேன்னு..." என்றார் சீடர், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா பாருங்க, கருக்கவே இல்ல. அளவு வேற போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கு."

"எண்ணெய் குட்டி போடுமா அண்ணாச்சி?"

சீடர் யோசித்தார். அதுவரை அவர் அதை ஆண்டவன் அருள் என்றே நினைத்திருந்தார்.

குரு கம்பி நுனியை இரண்டு விரலால் தேய்த்து, அந்த விரல்களைச் சீடரின் மூக்கருகே நீட்டினார்.

"பெட்ரோல் வாசம் அடிக்கே!"

"ம். சூடாகாத இஞ்சின்ல பெட்ரோல் முழுசா எரியாம ஆயில்ல இறங்கிரும், அதான் அளவு கூடியிருக்கு. ஆயில் ஊத்துத வாயில ஒரு மூடி இருக்கும். அதோட உள்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க."

சீடர் போய்ப் பார்த்துவிட்டு, மூடியை டிபன் பாக்ஸில் வைத்து அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். மூடியின் உள்பக்கம் காப்பி நிறத்தில் வெண்ணெய் மாதிரி ஒன்று அப்பியிருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ரேடியேட்டர் தண்ணி குறையுதா?"

"ஒரு பொட்டு குறையல. பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன்."

"அப்ப இஞ்சினுக்குள்ள ஓட்டை உடைசல் ஒண்ணும் இல்ல. ஒரு சட்டியில தண்ணி வச்சு மூடி, சுடுததுக்குள்ள அடுப்ப அணைச்சா என்ன ஆகும்?"

"மூடியில வேர்க்கும்."

"வேர்த்தது எங்க போகும்?"

"சட்டிக்குள்ளயே சொட்டும்."

"ரெண்டு வருஷமா சொட்டிருக்கு."

சீடர் விடவில்லை. "மீட்டர்ல நானூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும்மா. பத்தாயிரத்துல மாத்தினாப் போதும்னு கதவோரம் ஒட்டியிருக்கே!"

"அதுக்குக் கீழ?"

"கீழயா?"

"அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னு போட்டிருக்கும்."

வேலை பார்த்த காலமெல்லாம் சீடர் எண்களை மட்டுமே படித்துப் பழகியவர். எண்ணுக்குக் கீழே எழுத்தும் இருக்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. ஆனால் வருத்தம் நிலைக்கவில்லை. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட பையனைப் போல அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப கெட்டுத்தான் போச்சு! குருவே, அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நான் சொன்னா செண்பகம் நம்பமாட்டா."

குரு எழுதிக் கொடுத்தார். சீடர் முதல் வரியைப் படித்தார். 'ஆயில் கெட்டுப்போச்சு.' பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

செண்பகம் சீட்டை வாங்கிப் படித்தாள். உள்ளே போனாள். புடவை மாற்றிக்கொண்டு வந்து காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போகுத?" என்றார் சீடர்.

"ரெண்டாவது வரியப் படியும்."

படித்தார். 'காரைக் கொண்டுவந்தால் முக்கால் மணி நேர வேலை.'

சீடர் கம்பியையும் மூடியையும் அதனதன் இடத்தில் மாட்டினார். வேண்டுமென்றே மெதுவாக மாட்டினார். அப்படியும் மாட்டி முடிந்துவிட்டது.

நாலு கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரம் ஆனது. ஒரு பால்காரர் சைக்கிளில் முந்திப் போய், திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். வழியெல்லாம் செண்பகம் பேசிக்கொண்டே வந்தாள். "இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்" என்றாள். "எங்க அண்ணனா இருந்தா இந்நேரம் மதுரை போயிருப்பான்" என்றாள். சீடர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

பழைய ஆயில் கஞ்சித்தண்ணி போல் நீர்த்து வடிந்தது. குரு பில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, மூடியைத் துடைத்துப் போட்டார்.

"இனிமே காலையில அஞ்சு நிமிஷம் ஓடவிடுதது..." என்று சீடர் இழுத்தார்.

"வேண்டாம். ஓட்டினா நல்லா சூடாகுற அளவுக்கு ஓட்டணும். அப்பதான் வேர்த்த தண்ணி ஆவியாப் போகும். இப்பவே தென்காசி ரோட்டுல கொஞ்சதூரம் போயிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமைக்குக் கை பழகிரும்."

"இப்பவேயா?"

"இப்பவே."

சீடர் காரின் கதவைத் திறந்தார். செண்பகம் முன்சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா சூடாயிருச்சுன்னு நான் எப்படிம்மா தெரிஞ்சுக்கிடுதது? சூடு காட்டுத முள்ளு பாதிக்கு வந்தாப் போதுமா?"

"முள்ளு சீக்கிரம் வந்திரும் அண்ணாச்சி. ஆயில் மெதுவாத்தான் சூடாகும்."

"அப்ப எதைத்தான் பாக்கணும்?"

குரு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வாரப்ப அக்கா பேசினதுக்கெல்லாம் நீங்க பதில் சொன்னீயளா?"

"ஒரு வார்த்த சொல்லல."

"போற வழியில எங்கயாவது ஒரு இடத்துல, நீங்களும் பதிலுக்குச் சண்டை போட ஆரம்பிப்பீய. அப்ப சூடாயிருச்சுன்னு அர்த்தம்."