அண்ணாச்சியின் உள்கால், வெளிக்கால்

ஊத்துப்பாறை தீயணைப்பு நிலையத்தில் தவசிக்கண்ணுதான் தலைவர். நாலு பேரில் அவர்தான் புத்திசாலி. மற்ற மூவர் எப்படியென்று நான் வேறு சொல்லணுமா?

போன மாசம் மாமரத்தில் மாட்டிக்கொண்ட ஒருவரை இறக்கப்போய், "எங்க ஆளு" என்று இவர்கள் காலைப் பிடித்து இழுக்க, "எங்க ஆளு" என்று ஆம்புலன்ஸ்காரர்கள் கையைப் பிடித்து இழுக்க, அந்த மனுஷன் பயந்துபோய் மறுபடியும் மரத்தில் ஏறிக்கொண்டார். அதிகாரி வந்து கத்தித் தீர்த்தார்.

"இனிமே கிணத்துல விழுந்தாலும் சரி, எங்க விழுந்தாலும் சரி. உள்ள இருக்கிறவர் தீயணைப்பைச் சேர்ந்தவர். வெளிய வந்தவர் ஆம்புலன்ஸைச் சேர்ந்தவர். கையெழுத்துப் போட்டுத்தான் ஆளை ஒப்படைக்கணும். இன்னொரு தடவை சண்டைன்னு கேட்டேன், தவசி, உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!"

தவசிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தண்ணீரே இல்லாத காட்டில் தீப்பிடித்தால் எதை வைத்து அணைப்பது?

இந்த நேரம் பார்த்து அரிசிக்கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சி, செல்போனில் சிக்னல் தேடிப் பின்பக்கமாகவே நடந்து, சேறு மட்டும் மிஞ்சிய கிணற்றில் விழுந்தார். உள்ளே சிக்னல் பிரமாதமாகக் கிடைத்ததால் அவரே போன் போட்டுவிட்டார்.

இரண்டு வண்டியும் ஒன்றாக வந்து நின்றன. தவசியின் ஆட்கள் நூலேணி போட்டு அண்ணாச்சியைக் கைப்பிடிச் சுவர் வரை ஏற்றிவிட்டார்கள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. அங்கே நிறுத்தி, உள்காலைத் தவசி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், பாதி ஆளு உங்க பக்கம் வந்தாச்சு."

ஆம்புலன்ஸ் மெர்சி சிஸ்டர் வெளிக்காலுக்கு மளமளவென்று கட்டுப் போட்டார்.

"அம்மாடி, அது நல்ல காலு! வீங்கினது உள்ள இருக்கு!" என்று அலறினார் அண்ணாச்சி.

"உள்கால் தவசி அண்ணனோடதுங்க. நான் தொட்டா சண்டை வந்துரும்."

மெர்சியின் மரியாதையான பேச்சில் தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. "கையெழுத்துப் போட்டு இந்தக் காலையும் கொடுத்துடுறேன் சிஸ்டர்" என்று ஒரு கையால் பேனாவை எடுத்தார். அது வழுக்கிக் கிணற்றில் விழுந்தது.

"கிணத்துல விழுந்தது நம்ம வேலைண்ணே" என்றான் தவசியின் ஆள் பிச்சாண்டி.

"அதுல சந்தேகமே இல்ல. அண்ணாச்சி, உங்க காலை நீங்களே கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

தேட ஒருவர், டார்ச் அடிக்க ஒருவர், அணையும்போதெல்லாம் டார்ச்சைத் தட்டிவிட ஒருவர், பேனாவை அடையாளம் காட்டத் தவசி. நாலு பேரும் இறங்கினார்கள். அரை மணி நேரம் சேற்றைக் கிளறி, பேனாவோடு ஏறி வந்தார்கள்.

மெர்சி ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார். "கிணத்துல இருந்து வெளிய வந்தா எங்க ஆளு. படுங்கண்ணே."

பிச்சாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வாயை மூடு! சண்டைன்னு பேர் வந்துரும்" என்று தவசி முதல் ஆளாகப் படுத்துக்கொண்டார்.

"ஒப்படைச்சதுக்குக் கையெழுத்து?"

"நாங்க இப்ப நோயாளிங்க சிஸ்டர். தீயணைப்புல யாராவது பாக்கி இருந்தாத்தான் போட முடியும்."

எல்லோரும் யோசித்தார்கள். பிறகு எல்லோரும் மெல்லத் திரும்பி, இன்னும் ஒரு காலைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டபடி இருந்த அண்ணாச்சியைப் பார்த்தார்கள். தவசி தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். அண்ணாச்சி அழுதுகொண்டே நாலு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தவசி அதிகாரிக்குப் போன் போட்டார். "அய்யா, இன்னிக்கு ஒரு சின்னச் சண்டைகூட இல்லைங்கய்யா. எல்லாம் கையெழுத்தோட ஒப்படைச்சாச்சு."

அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பலே! கிணத்துல விழுந்த ஆளு எப்படி இருக்காரு?"

"அவருக்கென்னங்கய்யா, ஸ்டேஷன்ல டூட்டி பார்த்துக்கிட்டிருக்காரு."