பெஞ்சில் எட்டாவது ஆள்

தவசிக்கனி மாஸ்டரைப் பார்க்க மாசானமுத்து வந்தது ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு.

கல்லூரி உள்ளரங்கத்தில் மாஸ்டர் கபடி ஆடும் ரப்பர் மேட்டுகளை ஒன்றோடொன்று கோத்துத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். வயது அறுபத்துநாலு. ஆட்டம் நடக்கும்போது அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அரங்கத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் வீராங்கனைகள் தண்ணீர் பாட்டில்களை வைப்பார்கள்.

மாசானமுத்துவுக்கு முப்பத்தேழு வயது. மாஸ்டரின் பழைய மாணவர். இடது ஓரத்தில் நின்று, பாடி வரும் ரைடரின் கணுக்காலைப் பிடித்து நிறுத்துவது அவர் தொழில். தொலைக்காட்சியில் வரும் போட்டிகளில் ஒன்பது வருடம் ஆடியவர்.

அவர் சட்டைப் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று அணி நிர்வாகத்தின் கடிதம். இன்னும் ஒரு சீசன் ஆடுகிறாரா இல்லையா என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். மற்றது மருத்துவரின் சீட்டு. கழுத்தில் இரண்டு இடங்களில் நரம்பு நசுங்கியிருக்கிறது. இன்னொரு முறை மோசமாக விழுந்தால் வலது கை செயல்படாமல் போகலாம்.

"வாலே. அந்த மேட்டைப் பிடி" என்றார் மாஸ்டர்.

மாசானமுத்து பிடித்தார். வலது பக்கம் நழுவிக் கீழே விழுந்தது. மாஸ்டர் வந்து அந்த முனையைத் தூக்கினார்.

"எத்தனை விரல்?"

"கடைசி ரெண்டு. மரத்துப்போச்சு. சட்டைப் பொத்தானை வீட்டுக்காரிதான் போட்டுவிடுதா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வேண்டாம்னாரு."

"பேச்சித்தாய்?"

"அவளும் வேண்டாங்கா."

"பெறகு எதுக்கு இங்க வந்த?"

மாசானமுத்து மேட்டைக் காலால் மிதித்துப் பொருத்தினார்.

"நீங்களாவது ஆடுன்னு சொல்லுவீங்கன்னு வந்தேன்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அடுத்த மேட்டை எடுத்தார்.

"வேண்டாம்னு எனக்கே தெரியுது மாஸ்டர். தெரிஞ்சும் விட முடியலை. நான் மட்டுமில்ல, என் கூட ஆடுன எல்லாவனும் அப்படித்தான். தோள்பட்டை போனவன் ஆடுதான். முட்டு ரெண்டும் போனவன் ஊசி போட்டுட்டு ஆடுதான். ஏன்னு சொல்லுங்க."

"நீ என்ன நினைக்க?"

"சனங்களோட கைதட்டல். மைதானம்தான் நம்ம கோயில். ஆடுற வரைக்கும்தான் ஆள்."

"பேப்பர்காரனுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லாத."

மாசானமுத்து அடுத்த மேட்டுக்குக் குனிந்தார்.

"நாலு மணிக்குப் பிள்ளைகளுக்கு ஆட்டம் இருக்கு. நீ பெஞ்சுல உட்காரு. ஆட்டத்துல நீ இல்ல. ஒரே ஒரு வேலைதான் உனக்கு. ஆட்டம் முடியுற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

*

கபடியில் அவுட் ஆனவர் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். அவருடைய அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், முதலில் வெளியே வந்தவர் முதலில் உள்ளே போவார். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவரவர் முறை அவரவருக்குத் தெரியும்.

மாசானமுத்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் சகாயரூபி என்ற ரைடர் அவுட் ஆகி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மீன்பிடித் துறைமுகத்துப் பெண். பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"அண்ணாச்சி, எங்க வீட்டுச் சுவத்துல உங்க படம் இருக்கு."

"அப்படியா?"

"அதுல முடி நிறைய இருக்கும்."

அப்போது உள்ளே இருந்தவர்கள் எதிரணி ரைடரை மடக்கினார்கள். விசில் ஒலித்தது. மாசானமுத்து எழுந்து, கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்தார்.

பின்னாலிருந்து சட்டையை யாரோ இழுத்தார்கள்.

"அண்ணாச்சி, இது என் முறை" என்றாள் ரூபி.

பெஞ்சில் இருந்த மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாசானமுத்து திரும்பி வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அரை மணி நேர ஆட்டம். முடிந்ததும் வீராங்கனைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாசானமுத்து பெஞ்சிலேயே இருந்தார்.

"எத்தனை தடவை எழுந்திரிச்ச?" என்றார் மாஸ்டர்.

"மூணு."

"அஞ்சு. ரெண்டு உனக்கே தெரியலை."

"கால் தானாப் போகுது மாஸ்டர்."

"இதுவரைக்கும் உன்னை எத்தனை பேர் அவுட் ஆக்கியிருப்பான்?"

"யாரு எண்ணுனா? ரெண்டாயிரம் இருக்கும்."

"அவுட் ஆனா என்ன செய்வ?"

"உட்காருவேன். பாயிண்ட் வந்தா உள்ள போவேன்."

"பாயிண்ட் வராமலே ஆட்டம் முடிஞ்சா?"

"அடுத்த ஆட்டத்துல முதல் ஏழு பேர்ல நிப்பேன்."

"ஒரு தடவையாவது அவுட் ஆகி, அப்படியே வீட்டுக்குப் போயிருக்கியா?"

மாசானமுத்து யோசித்தார்.

"அதை யாரும் சொல்லித் தரலையே மாஸ்டர்."

"நானும்தான் சொல்லித் தரலை" என்றார் மாஸ்டர். "நாளைக்கும் நாலு மணிக்கு ஆட்டம் இருக்கு. வா."

*

வியாழக்கிழமை பேச்சித்தாய் பொத்தானைப் போட்டுவிடும்போது கேட்டாள்.

"தினமும் அங்க என்ன வேலை உங்களுக்கு?"

"பெஞ்சுல உட்காரணும்."

"அதுக்கு எதுக்கு இஸ்திரி போட்ட சட்டை?"

கழுத்துப் பொத்தானைப் போடும்போது அவள் கை அவர் கழுத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"டீமுக்குப் பதில் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

அன்று அவர் இரண்டு முறை எழுந்தார்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் இழுபறியாக இருந்தது. ரூபி அன்று எதிரணியில் இருந்தாள். மாசானமுத்து உட்கார்ந்திருந்த பக்கம் மூன்று பேர்தான் உள்ளே மிஞ்சியிருந்தார்கள். இடது ஓரத்தில் நின்ற பெண்ணும் அவுட் ஆனாள். அந்த இடம் காலியாக இருந்தது.

ரூபி பாடி வந்தாள். கபடி, கபடி, கபடி. வலப்பக்கம் போவதுபோல் காட்டிவிட்டு இடப்பக்கம் திரும்பினாள்.

அங்கே மாசானமுத்து குனிந்து நின்றார். எப்போது உள்ளே வந்தார் என்று பெஞ்சில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அவர் கைகள் அவளுடைய கணுக்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அவள் காலை உதறியிருந்தால் முட்டி அவர் கழுத்தில் விழுந்திருக்கும்.

ரூபி அப்படியே நின்றுவிட்டாள். அவள் பாட்டும் நின்றது.

மாஸ்டர் விசில் ஊதினார்.

"ரூபி அவுட்."

"மாஸ்டர், அண்ணாச்சி உள்ள நிக்காக!"

"பாட்டு நின்னா அவுட்."

"அவுக மேல விழுந்துரக் கூடாதுன்னுதான மூச்சை விட்டேன்!"

"அவுட்."

அவள் மாசானமுத்துவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சுவரில் அவர் படத்தை ஒட்டிய மரியாதை எதுவும் இல்லை.

"உங்க கழுத்துக்கு என் பாயிண்ட் போச்சு அண்ணாச்சி" என்றாள். எதிர்ப்பக்கத்து பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள்.

அந்த ஒரு புள்ளியில் அவள் அணி தோற்றது. மாசானமுத்து அவளிடம் போய் ஏதோ சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாஸ்டரிடம் அவர் கேட்டார். "கழுத்து விஷயம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"புதன்கிழமையே சொல்லிட்டேன்."

"எனக்குச் சொல்லலையே, அவுகளுக்குத் தெரியும்னு."

"உனக்குத் தெரிஞ்சு என்ன செஞ்ச?"

மாசானமுத்து வீட்டுக்குப் போனார்.

*

சனிக்கிழமை அணி மேலாளர் காலையிலேயே பேசினார். நாலரை மணிக்குக் கூப்பிடுவேன், ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயரை அறிவித்துவிடலாம் என்றார். உங்கள் கணுக்கால் பிடிக்கு ஈடாக இன்னும் ஒருவன் வரவில்லை என்றும் சொன்னார். அது பொய்யல்ல.

மாசானமுத்து நாலு மணிக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். போனைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்தார். ரூபி அன்று இந்தப் பக்கத்து அணி. இருபது நிமிடம் அவள் அவுட் ஆகவே இல்லை. பிறகு ஆனாள். வந்து, ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் உள்ள வருவீகளா?" என்றாள்.

"தெரியலை."

"சொல்லிட்டு வாங்க. நான் அந்தப் பக்கம் போவாம இருப்பேன்."

"இன்னைக்கு நீ நம்ம பக்கம்ல."

"ஆமால்ல" என்றாள் அவள். லேசாகச் சிரித்தாள்.

நாலரைக்கு ஒரு நிமிடம் இருந்தது. எதிரணி ரைடர் பாடி வந்தாள். இடது ஓரத்தில் நின்ற பெண் காலை விட்டுவிட்டுத் தவறாகப் பாய்ந்தாள். நடுவில் நின்ற இருவர் ரைடரை இடுப்போடு பிடித்துச் சாய்த்தார்கள். விசில். அதே நேரம் போன் அடித்தது.

மாசானமுத்து இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் அழுத்தினார். வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் அழுத்துவது அவருக்குத் தெரியவில்லை. மற்றவை தெரிந்தன.

ரூபி எழவில்லை. மூன்று நாள் பழக்கத்தில் அவர் எழுவார், பின்னாலிருந்து இழுக்கலாம் என்று காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, எழுந்திரிக்கலையா?"

"உன் முறைதானம்மா. போ."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் மாசானமுத்து அரங்கத்துக்கு வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று, மேலாளரைக் கூப்பிட்டார். மாஸ்டர் மேட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாசல் திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"வரலை சார்."

சிறிது நேரம் மறுமுனை பேசியது.

"இல்ல சார். வேற டீம் எதுவும் இல்ல."

மறுபடி மறுமுனை.

"யோசிச்சாச்சு சார். கை வேணும் சார் எனக்கு."

அவர் உள்ளே வந்தார். இடது கையால் மேட்டின் ஒரு முனையைத் தூக்கினார். மாஸ்டர் மறுமுனையைத் தூக்கினார். இருவரும் சுவரோரம் கொண்டுபோய் அடுக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு மேட்டு ஆயிற்று.

"இன்னைக்கு நான் எழுந்திரிக்கலை மாஸ்டர்."

"பாத்தேன்."

"ஒரு தடவைகூட எழுந்திரிக்கலை."

"உட்கார்ந்திருந்தப்ப குதிகால் ரெண்டும் தரையில இல்ல."

மாசானமுத்து குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"அது எப்ப மாஸ்டர் அடங்கும்?"

மாஸ்டர் தன் நாற்காலியிலிருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். நாற்காலியை மடக்கினார். அதையும் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எனக்கு அறுபத்துநாலு ஆகுது" என்றார். "அடங்குனா சொல்லி அனுப்புதேன்."