மானு ஏன் திரும்பிப் பார்த்தான்?

அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரை நகரம் ஒன்றின் கால்பந்து அணியில் வெண்டல் என்பவர் வெகுகாலம் குவார்ட்டர்பேக்காக இருந்தார்.

அங்கே கால்பந்து என்றால் காலால் உதைத்துக்கொண்டு ஓடுவது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டு ஆடும் ஆட்டம். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவன் குவார்ட்டர்பேக். ஜெயித்தால் அவனைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் டீக்கடைக்காரன்கூட அவன் முகத்தைப் பார்க்க மாட்டான்.

அவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். நடுவில் நிற்பவன் குனிந்து, பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்துவிட்டு, பாய்ந்து வரும் எதிராளியை நெஞ்சில் தாங்குவான். குவார்ட்டர்பேக் நிற்பது அவர்கள் முதுகுக்குப் பின்னால். இந்த அணியில் நடுவில் நின்றவன் மானு. பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுக்காரன். எந்தக் கதவிலும் ஒருக்களித்துத்தான் நுழைவான்.

அந்த வருஷம் ஆட்டங்கள் ஆரம்பித்த கையோடு வெண்டலின் வலது தோள் கிழிந்தது. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் இடத்துக்கு எமெட் வந்தான். கல்லூரி வாசம் இன்னும் போகாத பையன். நல்ல கை. வெகுதூரத்தில் ஓடுகிறவனின் உள்ளங்கையில் பந்தைக் கொண்டுபோய் வைப்பான்.

ஆனால் தோற்றான். எறிவதற்கு முன்பே யாராவது அவனைத் தரையில் போட்டு அமுக்கினார்கள்.

ஆடிய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுப் பார்த்தான். பந்தைக் கொடுத்த மறுகணம் மானுவின் தலை பின்னால் திரும்பியது. கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் எதிராளி அவனைத் தாண்டிவிட்டான். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. வெண்டல் ஆடிய பழைய வீடியோக்களையும் தேடி எடுத்துப் பார்த்தான். அதில் மானு ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

தன்னைக் காப்பாற்றும் ஐவருக்கும் குவார்ட்டர்பேக் விருந்து வைப்பது அந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். எமெட்டும் வைத்தான். மானு தன் தட்டை முடித்து, பக்கத்துத் தட்டையும் முடித்தான். வெளியே வந்ததும் எமெட்டை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

"தம்பி, நீ தங்கம்டா!" என்றான்.

அடுத்த ஆட்டத்திலும் திரும்பிப் பார்த்தான். அதிலும் தோற்றார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் எமெட்டைத் தனியே கூப்பிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை பார்ப்பேன். அன்னைக்கும் இப்படித்தான்னா, வெளியூர்லேர்ந்து உன் இடத்துக்கு ஒருத்தனைக் கொண்டுவரச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

எமெட் வெண்டலைத் தேடிப் போனான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையால் ஷூ நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எமெட் குனிந்து அதைக் கட்டிவிட்டான்.

"மானு ஏன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்?"

"அவனையே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். நான் எங்கடா திரும்பினேன்னு சண்டைக்கு வர்றான்."

"அப்ப, அவனுக்கே தெரியலை."

"என்மேல அவனுக்கு நம்பிக்கை இல்லை, வெண்டல். நீங்க ஆடினப்போ திரும்பலையே. நம்பிக்கை வர்றதுக்கு நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்."

வெண்டல் எழுந்தார். "ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டு வா."

மைதானத்தில் எமெட்டை மானுவின் இடத்தில் குனிந்து நிற்கச் சொன்னார். எதிரே, அதே அணியின் ரூஃபஸை நிறுத்தினார். எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைப் பாய்ந்து வீழ்த்துவதே ரூஃபஸின் வேலை. கட்டுப்போட்ட கையோடு வெண்டல் எமெட்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

மானு கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். "குனிஞ்சு நிக்கிறதைப் பாரு! மூக்குக்கண்ணாடியைத் தொலைச்சவன் மாதிரி!"

ரூஃபஸ் கேட்டான். "பையன் உடைஞ்சா என்னைத் திட்டக் கூடாது. சம்மதமா?"

"நிஜமா வா" என்றார் வெண்டல்.

எமெட் பந்தைப் பின்னால் கொடுத்தான். ரூஃபஸ் வந்து மோதினான். எமெட் காலை ஊன்றினான். அப்போது முதுகுக்குப் பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். வலப்பக்கமா, இடப்பக்கமா? எமெட் தலையைத் திருப்பினான். அடுத்து அவன் பார்த்தது ஆகாயத்தை.

வெண்டல் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன் திரும்பினே?"

"நீங்க ஓடினீங்க! எந்தப் பக்கம் போறீங்கன்னு தெரியாம நான் யாரை எங்கேன்னு தடுக்கிறது?"

வெண்டல் பந்தை அவன் கையில் கொடுத்தார். "இன்னொரு தடவை" என்றார்.

இந்த முறை பின்னால் சத்தமே இல்லை. எமெட் காத்திருந்தான். வரவில்லை. ரூஃபஸ் அவனை பீரோவை நகர்த்துவதுபோல நகர்த்தினான். எமெட்டின் குதிகால்கள் புல்லை உழுதன. பின்னால் ஒரு மனிதர், கிழிந்த தோளோடு, அசையாமல் நிற்கிறார். தான் விட்டால் ரூஃபஸ் விழப்போவது அந்தத் தோளின்மேல். எமெட் தலையால் ரூஃபஸின் நெஞ்சுக்கு முட்டுக்கொடுத்தான். சட்டையைப் பற்றினான். முழங்கால் மண்ணில் தேய்ந்தது. அப்போதும் விடவில்லை.

கடைசியில் ரூஃபஸ் அவனை உதறித் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். வெண்டலின் மார்புக்கு அருகே வந்து நின்றான். அதற்குள் வெண்டல் இடது கையால் பந்தை எறிந்திருந்தார். அது தள்ளாடிப் போய் எங்கோ விழுந்தது. அவர் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

"அட்டை மாதிரியில்ல ஒட்டிக்கிட்டான்!" ரூஃபஸுக்கு மூச்சு வாங்கியது. "இதை இத்தனை நாள் எங்கேடா வெச்சிருந்தே?"

எமெட் தரையில் உட்கார்ந்தபடியே வெண்டலைப் பார்த்தான். "உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் நகரலை?"

"நான் எங்கே இருக்கேன்னு உனக்குச் சொல்ல எனக்கு வேற வழி இல்லையே."

மானுவின் சிரிப்பு நின்றிருந்தது. அவன் வந்து எமெட்டுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மழை. முதல் பந்து கைக்கு வந்ததும் எமெட்டின் ஓரக்கண்ணில் ஒரு நிழல் பாய்ந்தது. கால்கள் வழக்கம்போல ஓடச் சொன்னன. கண்ணைத் தூரத்தில், தன் ஆள் ஓடும் இடத்தில் வைத்துக்கொண்டு நின்றான். எறிந்தான். எறிந்தபின் ஒருவன் அவனைச் சேற்றில் சாய்த்தான். எழுந்தான். மறுபடி நின்றான். மறுபடி எறிந்தான். அன்றும் விழுந்தான், ஆனால் பந்து போன பிறகு விழுந்தான். கொஞ்ச நேரத்தில் விழுவதை மறந்துபோனான்.

ஆட்டம் கடைசி நிமிஷம்வரை சமமாகப் போயிற்று. அப்போது எதிரணி உதைத்த ஒரே ஒரு பந்து, புள்ளி தரும் கம்பங்களுக்கு நடுவே புகுந்தது. தோற்றார்கள்.

எமெட் சேற்றோடு தலைமைப் பயிற்சியாளர்முன் போய் நின்றான். "வெளியூர்லேர்ந்து வர்றவர் எப்ப வர்றார்?"

"யாரு வர்றது?" என்றார் அவர். "செவ்வாய்க்கிழமை பயிற்சி இருக்கு. லேட்டா வந்தே, தோலை உரிச்சிருவேன்." நடந்து போய்விட்டார்.

உடை மாற்றும் அறை வாசலில் வெண்டல் நின்றிருந்தார். உள்ளே மானு முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, யாருடைய சாண்ட்விச்சையோ தின்றுகொண்டிருந்தான்.

எமெட் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வெண்டல், இன்னைக்கு மானு திரும்பினானா?"

"நீ பார்க்கலையா?"

எமெட் யோசித்தான். "இல்லை. இன்னைக்குப் பூரா எனக்கு அவன் ஞாபகமே வரலை."

வெண்டல் உள்ளே மானுவைப் பார்த்தார்.

"இன்னைக்கு எமெட் அசையாம நின்னானான்னு இப்பத்தான் அவனைக் கேட்டேன்" என்றார். "அவனும் இதையேதான் சொன்னான்."